கம்பெனி பஸ் நின்ற ஊர்கள்

முதல் நாள்: ஓசூர் - திண்டிவனம்

விடியற்காலை ஓசூரில் ஏறி, கிருஷ்ணகிரியில் பஸ் மாறி, ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி என்று இறங்கிவந்து திண்டிவனத்தைத் தொட்டபோது மதியம் இரண்டு மணி. செஞ்சியைத் தாண்டியதும் ரோட்டோரம் நெல் காயப்போட்டிருந்தார்கள். பொங்கல் முடிந்து மூன்று நாள்தான் ஆகிறது. வீட்டு வாசல்களில் கோலத்தின் காவி இன்னும் அழியவில்லை.

எதற்காக இந்தப் பயணம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2009 முதல் 2022 வரை மறைமலை நகர் ஃபோர்டு தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். டி.சி.எஃப். பிரிவு. டிரிம், சேசிஸ், ஃபைனல் என்பதன் சுருக்கம் அது. பெயின்ட் முடிந்து வெறுங்கூடாக வருகிற பாடிக்கு ஒயரிங் இழுத்து, இன்ஜின் ஏற்றி, சீட் போட்டு, கடைசியில் ஒருவர் சாவியைத் திருகி ஓட்டிக்கொண்டு போகும்வரை எல்லாம் அங்கேதான் நடக்கும். நான் கதவு லைன்.

2025 அக்டோபர் 31-ஆம் தேதி, அதே இடத்தில் மறுபடி 3,250 கோடி ரூபாயில் இன்ஜின் தயாரிக்கப் போவதாகத் தமிழக அரசோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. 2029-இல் உற்பத்தி தொடங்கும், வருடத்துக்கு 2,35,000 இன்ஜின், 600 பேருக்கு மேல் வேலை என்று செய்தி. மாதக்கணக்கில் ‘குட் மார்னிங்’ படம் மட்டும் வந்துகொண்டிருந்த எங்கள் வாட்ஸப் குரூப் அன்று ராத்திரி இரண்டு மணிவரை தூங்கவில்லை. அடுத்த நாள் ஒருவர் எழுதினார்: ‘ஃபேக்டரி எப்பவோ வரட்டும்பா. நம்ம ரூட் ஆளுங்க யாரு யாரு எங்க இருக்காங்கன்னாவது தெரியுமா?’

தெரியாது. பதிமூன்று வருடம் ஒரே பஸ்ஸில் போய் வந்திருக்கிறோம். மூன்றரை வருடத்தில் தெரியாமல் போய்விட்டது. அதனால் அந்த ரூட்டிலேயே, ஸ்டாப் ஸ்டாப்பாக இறங்கி, ஆட்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். திண்டிவனம், அச்சிறுபாக்கம், மேல்மருவத்தூர், மதுராந்தகம், படாளம், செங்கல்பட்டு, மறைமலை நகர். சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. ரோட்டில் எண்பது கிலோமீட்டர். முதல் ஷிஃப்டுக்குத் திண்டிவனத்தில் பஸ் கிளம்பும்போது கோழிகூடக் கூவியிருக்காது.

யாருடைய பெயரையும் எழுதப் போவதில்லை. அது எங்களுக்குப் புதிதும் இல்லை. ஒரே பெயரில் நாலு பேர் இருந்ததால் ஏறுகிற ஊரும் பார்க்கிற ஷாப்பும்தான் எங்களுக்குப் பெயர்.

முதலில் பெயின்ட் ஷாப் அண்ணன். ரூட்டில் முதல் ஆளாக ஏறுவார், எப்போதும் டிரைவருக்குப் பின்சீட். இப்போது செஞ்சி ரோட்டில் சொந்தமாக ஒரு டிங்கரிங் பெயின்டிங் பட்டறை வைத்திருக்கிறார். நான் போனபோது ஒரு ஸ்விஃப்ட்டின் பானெட்டை டியூப் லைட்டுக்கு நேரே சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வா என்றுகூடச் சொல்லவில்லை.

“தடவிப் பாரு. எங்கியாவது தட்டுதா?”

உள்ளங்கையால் தடவினேன். எனக்கு எதுவும் தட்டவில்லை. அவர் என் கையைப் பிடித்து ஓர் இடத்தில் வைத்தார். கடுகில் பாதி அளவுக்கு ஒரு தூசி, கிளியர் கோட் என்கிற மேல்பூச்சுக்கு அடியில்.

பெயின்ட் ஷாப்பில் இருப்பவர்கள் தலைக்கு எண்ணெய் வைக்கக்கூடாது, சென்ட் அடிக்கக்கூடாது. அதிலிருக்கிற எண்ணெய்ப் பசையோ சிலிகோனோ காற்றில் கலந்து பாடிமேல் படிந்தால், பெயின்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் குழிவிழுந்துவிடும். கிரேட்டர் என்பார்கள். கம்பெனி மூடி இத்தனை வருடம் ஆகியும் அண்ணன் தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை. “தீபாவளிக்குக்கூட உச்சியில ஒரு சொட்டுதான்” என்றார் அண்ணி, காபி கொண்டுவந்தபோது.

அவருடைய மாமனார் பெருங்களத்தூர் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸில் இருந்தவர். 1961-இலிருந்து ஹெரால்டு கார் செய்த இடம். 1980-களின் கடைசியில் அதுவும் நின்றுபோனது. திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் ஹெரால்டு பற்றிக் கேட்டேன். அவர் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கூட வேலை பார்த்தவர்களை வரிசையாகச் சொல்லத் தொடங்கினார். லேத்தில் நின்றவர், ஃபவுண்டரியில் இருந்தவர், சீட்டு பிடித்தவர், அவர் மகளுக்கு எங்கே கல்யாணம் ஆனது என்பதுவரை. முக்கால்வாசிப் பேர் இப்போது இல்லை. ஆனாலும் ஒருவரைக்கூட விடவில்லை.

ராத்திரி அண்ணன் வீட்டில்தான் படுத்தேன். புது இன்ஜின் பிளான்ட் பேச்சு வந்தது. “2029-ல எனக்கு அம்பத்தஞ்சு. என்னை எவன் கூப்பிடப் போறான்? ஆனா ராத்திரியில ஜி.எஸ்.டி. ரோட்டுல போறப்ப அந்தப் பக்கம் இருட்டா கெடக்குது பாரு, அத என்னால பாக்க முடியல. லைட்டு எரிஞ்சா போதும்” என்றார். அப்புறம் வெகுநேரம் பேசவில்லை.

இரண்டாம் நாள்: அச்சிறுபாக்கம்

காலை டவுன் பஸ்ஸில் அச்சிறுபாக்கம். திரிபுரத்தை எரிக்கக் கிளம்பிய சிவனின் தேர், பிள்ளையாரை வணங்காமல் புறப்பட்டதால் அச்சு இற்றுப்போய் நின்ற ஊர் இது. அச்சு இற்ற பாக்கம். எங்கள் பஸ் இந்த ஸ்டாப்பில் நிற்கும்போதெல்லாம் சேசிஸ் லைன்காரர் ஒருவர் கோயில் கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிடுவார். ஆக்ஸில், அதாவது அச்சு, ஏற்றுகிற வேலை அவருக்கு. கும்பிடாமல் ஒரு நாளும் ரோட்டில் ஏறியதில்லை.

இங்கே நான் பார்க்க வந்தது கேன்டீன் அக்காவை.

ஊரிலிருந்து உள்ளே மூன்று கிலோமீட்டர். ஷேர் ஆட்டோ கிடைத்தது. ஓட்டு வீடு, வாசலில் இரண்டு ஆடுகள், முருங்கை மரம். அக்கா இப்போது மேல்மருவத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. இன்று அவருக்கு வார லீவு. என்னைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். “டோர் லைன் தம்பி. சாம்பார்ல முருங்கக்காய் போடாத தம்பி” என்றார். முருங்கை மரத்தடியில் நின்றுகொண்டு அதைக் கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை நூறு தட்டு என்று இப்போது யோசித்தால் மலைப்பாக இருக்கிறது. அத்தனை பேரிலும் அக்காவுக்கு ஆள் தெரியும். கார்த்திகையில் மாலை போட்டவர்களுக்கு வெங்காயம் பூண்டு இல்லாத சாம்பார் தனி வாளியில் வந்துவிடும். ரம்ஜான் மாதம் செகண்ட் ஷிஃப்டில் இருக்கிற பாய்மார்களுக்குப் பேரீச்சம்பழமும் கஞ்சியும் ஓரமாக எடுத்து மூடி வைத்திருப்பார். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அது எங்கள் சூப்பர்வைசருக்குத் தெரியும் முன்னால் அக்காவுக்குத் தெரிந்திருக்கும், வரிசையில் தட்டோடு நிற்கும் முகத்தைப் பார்த்தே.

நைட் ஷிஃப்ட்தான் அக்காவின் ராஜ்ஜியம். மூன்று மணி டீக்கு லைன் நிற்கும். பத்து நிமிடம். ஹெல்மெட்டைக் கழற்றாமலே சுவரோரம் சாய்ந்துகொள்வோம். அக்கா கெட்டிலோடு வரிசையாக வருவார். “கண்ண மூடாத, மூடினா எந்திரிக்க மாட்ட” என்று ஒவ்வொருவராகத் தட்டி எழுப்பி டம்ளரைக் கையில் திணிப்பார். ஃபிகோ கார் வந்த 2010-இலும் அவர்தான். ஈகோஸ்போர்ட் வந்த 2013-இலும், அதே வண்டி இடது பக்க ஸ்டீயரிங்கோடு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிய நாட்களிலும், ஞாயிற்றுக்கிழமைகூட ஓ.டி. ஓடியபோதும் அவர்தான். 2022 ஜூலையில் கடைசி வண்டி லைனிலிருந்து இறங்கியபோது அக்கா அங்கே இல்லை. ஆட்கள் குறையக் குறைய கேன்டீன் வேலையும் குறைந்து, அதற்கு முன்பே காண்டிராக்டில் அவரை நிறுத்தியிருந்தார்கள்.

“எங்களுக்கு யாரும் சொல்லல தம்பி, தப்பாவும் எடுத்துக்கல. கேட்டரிங் வேன் வரல. அப்பதான் தெரிஞ்சுகிட்டோம்.”

2021 செப்டம்பர் 9 அன்று மூடும் அறிவிப்பு வந்தபோது நான் செகண்ட் ஷிஃப்டில் இருந்தேன். மறுநாள் பிள்ளையார் சதுர்த்தி. வீட்டுக்குப் போனால் பூரணம் கிண்டி வைத்திருந்தார்கள், யாருக்கும் கொழுக்கட்டை பிடிக்கக் கை வரவில்லை. பத்து வருடத்தில் 200 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம், குஜராத் சானந்து பிளான்டையும் சேர்த்துச் சுமார் 4,000 ஊழியர்கள் பாதிக்கப்படுவார்கள் என்று எல்லா சேனலிலும் ஓடியது. அந்த 4,000 பேரில் நான் ஒருவன். பெயின்ட் ஷாப் அண்ணன் ஒருவர். அக்கா அந்தக் கணக்கில் இல்லை. பஸ் டிரைவர் இல்லை, தரை துடைத்தவர்கள் இல்லை, எங்களுக்கு ஒயரிங்கும் ரப்பர் பீடிங்கும் செய்து அனுப்பிய சின்னக் கம்பெனி ஆட்கள் இல்லை. அதை நான் இன்றைக்கு அந்த ஓட்டு வீட்டில் உட்கார்ந்துதான் முழுசாக யோசித்தேன். டி.வி. சொன்ன கணக்கை விடுங்கள். எங்கள் வாட்ஸப் குரூப்பில் அக்கா இல்லையே. அதை ஆரம்பித்தவர்கள் நாங்கள்தானே.

அக்காவின் தங்கை ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவில் இருந்தவர். 2014 நவம்பர் 1-ஆம் தேதி அங்கே உற்பத்தி நின்றது. “அவ அழுதப்ப நான்தான் தேத்துனேன். கம்பெனி போனா என்னாடி, நீ போயிடலயேன்னு. அப்புறம் எனக்கு அவ அதையே சொன்னா” என்றார் அக்கா.

சாப்பிடாமல் விடவில்லை. மொச்சைக் குழம்பும் கருவாடும். சாப்பிடும்போதே ஒவ்வொருவராக விசாரித்தார். சேசிஸ் லைன்காரர், மதுராந்தகத்து வெல்டர், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டின பையன். தெரிந்ததைச் சொன்னேன். நான் கிளம்பும்போது பொங்கலுக்குச் சுட்ட அதிரசத்தை இரண்டு பொட்டலமாகக் கட்டினார்.

“இது உன் புள்ளைங்களுக்கு. இது படாளத்துத் தம்பிக்கு. நீ அந்த வழியாத்தான போவ? அந்தத் தம்பிக்கு அதிரசம்னா உசிரு. ரெண்டு சேத்தே வச்சிருக்கேன். வருஷா வருஷம் நெனச்சிக்குவேன், குடுத்தனுப்ப ஆள்தான் இல்ல.”

படாளத்தான் 2023-இல் இறந்துவிட்டான்.

சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா பொட்டலத்தின் மேல் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தார், எண்ணெய் கசியாமல் இருக்க இன்னொரு பேப்பர் வைத்து. வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது மேல்மருவத்தூரில் ஒரு லாட்ஜில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அதிரச வாசனை அறை முழுக்க இருக்கிறது.

மூன்றாம் நாள்: மதுராந்தகம், படாளம்

நேற்று எழுதி அனுப்பியதைப் படித்துவிட்டுக் காலை ஆறு மணிக்கே பெயின்ட் ஷாப் அண்ணன் போன் செய்தார். “சொல்லாம வந்துட்டியேப்பா” என்றார். திட்டவில்லை. அவர் திட்டியிருக்கலாம்.

மதுராந்தகத்தில் பாடி ஷாப் வெல்டரைப் பார்த்தேன். வேடந்தாங்கல் பக்கம் ஒரு வயலில் நெல் அறுவடை மெஷினுக்கு பிளேடு வைத்துப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். முழங்கையில் பழைய நெருப்புப் பொறித் தழும்புகள் அப்படியே இருந்தன. மெஷினுக்குப் பின்னால் நத்தைகுத்தி நாரைகள் பத்துப் பதினைந்து, அறுத்த தாளுக்குள் நத்தை பொறுக்கிக்கொண்டு. சீசன் முடிவதற்குள் ஏக்கர் கணக்கை முடித்தாக வேண்டும் என்பதால் அவனுக்குப் பேச நேரமில்லை. அரை மணி நேரம்தான். கிளம்பும்போது, “படாளம் போறியா?” என்று மட்டும் கேட்டான். தலையாட்டினேன். சட்டைப் பையிலிருந்து ஐந்நூறு ரூபாய்த் தாள் இரண்டை எடுத்து என் பையில் வைத்தான்.

படாளம் நெருங்கும்போதே சர்க்கரை ஆலை வாசனை வந்துவிடும். கரும்பு டிராக்டர்கள் வரிசையில் நின்றன. நைட் ஷிஃப்ட் முடிந்து வரும்போது இந்த வாசனை வந்தால்தான் படாளத்தானுக்கு விழிப்பு வரும். யாரும் எழுப்ப வேண்டியதில்லை. கண்ணைத் திறக்காமலே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படிக்கட்டுக்கு வந்துவிடுவான்.

அவனும் நானும் ஒரே ஸ்டேஷன். கதவு லைனைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெயின்ட் முடிந்து வரும் பாடியிலிருந்து கதவுகளைக் கழற்றித் தனி லைனுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே கண்ணாடி, மோட்டார், லாக், ஸ்பீக்கர், உள்பக்க அட்டை எல்லாம் போட்டுமுடித்து, கடைசியில் அதே வண்டிக்கு அதே கதவு வந்து சேரும். அதை மாட்டுவதுதான் எங்கள் வேலை. இடது பக்கம் நான், வலது பக்கம் அவன். கீல் போல்ட்டை முறுக்கி, டார்க், அதாவது போல்ட்டின் இறுக்கம், சரி என்று பச்சை விளக்கு வந்ததும் கதவைச் சாத்த வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சாத்துவோம். ஒரே சத்தமாகக் கேட்க வேண்டும் என்பது அவன் வைத்த பந்தயம். ஒன்பது வருடம் அவன் முகத்தை நான் பார்த்ததெல்லாம் ஒரு வண்டியின் உள்ளே ஊடுருவித்தான். ஃபிகோ ஜன்னல் வழியாக, ஈகோஸ்போர்ட் ஜன்னல் வழியாக. அவனுக்கு மகன் பிறந்த செய்தியையும் நடுவில் ஒரு வண்டி நிற்கும்போதுதான் சொன்னான். போல்ட்டை முறுக்கிக்கொண்டே ‘பையன்’ என்று வாயசைத்தான். அந்த வண்டி நகர்ந்து அடுத்தது வருவதற்குள் இந்தப் பக்கம் ஓடிவந்து கட்டிப்பிடித்துவிட்டு ஓடினான்.

கம்பெனி மூடியபின் ஒரகடம் பக்கம் ஒரு கிடங்கில் அவனுக்கு வேலை கிடைத்தது. ஒரு நாள் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்தவன் எழுந்திருக்கவில்லை. நாற்பத்திரண்டு வயது. நான் அப்போதுதான் ஓசூரில் சேர்ந்திருந்தேன். காரியத்துக்குத்தான் வர முடிந்தது.

அவன் மனைவி, எனக்குத் தங்கச்சி முறை, டைலரிங் கடை போட்டிருக்கிறது, வீட்டின் முன்னறையிலேயே. “வாங்கண்ணா” என்று எழுந்தது. மெஷினுக்கு மேலே சுவரில் அவன் படம், கம்பெனி யூனிஃபார்மில். ஆயுத பூஜை அன்று எடுத்தது. ஆயுத பூஜைக்குத்தான் எங்கள் வீட்டு ஆட்களை உள்ளே விடுவார்கள். மெஷினுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, பொரி கடலை வைத்து, ஷாப்புக்கு ஷாப் பூசணி உடைப்போம். புள்ளைகள் ஃபோர்க்லிஃப்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டார்கள். தங்கச்சி அந்த நாளைச் சொன்னது: “லைன் ஓடலன்னாலும், இங்க நான் நிப்பேன், அங்க அவன் நிப்பான்னு நின்னே காட்டினாரு. வலது பக்கம். ரோட்டுல அந்த வண்டி போனா இன்னைக்கும் வலது பக்கக் கதவத்தான் பாப்பேன்.”

அதிரசப் பொட்டலத்தை எடுத்து வைத்தேன். யார் கொடுத்தது என்றது. கேன்டீன் அக்கா என்றேன்.

“அவங்கள நான் பாத்ததே இல்ல. தெனம் பேசுவாரு. இன்னைக்கு அக்கா முட்ட சேத்து வச்சாங்க, இன்னைக்கு அக்கா திட்டிட்டாங்கன்னு.” நூலைப் பிரித்தது. ஒன்றை எடுத்துப் படத்துக்கு முன்னால் வைத்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்டது. “அவருக்கா குடுத்து விட்டாங்க?”

“ஆமாம்மா.”

“அவங்களுக்குத் தெரியாதா?”

நான் பதில் சொல்லவில்லை. தங்கச்சி மீதி அதிரசத்தைத் தட்டில் அடுக்கிக்கொண்டே சொன்னது: “சொல்லிடுங்கண்ணா. இல்லன்னா அவங்க பாட்டுக்கு ஒவ்வொரு வருஷமும் எடுத்து வச்சிட்டு இருப்பாங்க.”

பையன் சாயங்காலம் வந்தான். செங்கல்பட்டு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கிறான். அப்பனின் அதே தோள். என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டான்: “பெரியப்பா, இன்ஜின் பிளான்ட்ல ஃபிட்டர் எடுப்பாங்களா?” மூன்று வருடம் இருக்கிறது, கேஜ் பார்ப்பதையும் டிராயிங் படிப்பதையும் நன்றாகக் கற்றுக்கொள், கம்ப்யூட்டர் வைத்து ஓட்டுகிற சி.என்.சி. மெஷினும் படி என்றேன். இன்ஜின் பிளாக்கில் துளை போடுவது மைக்ரான் கணக்கு, கைப்பழக்கம் மட்டும் போதாது. அவன் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டான். வெல்டரின் ஆயிரம் ரூபாயோடு நானும் கொஞ்சம் சேர்த்து அவன் கையில் கொடுத்தேன். அம்மாவைப் பார்த்தான். அது தலையசைத்ததும் வாங்கிக்கொண்டான்.

நான்காம் நாள்: மறைமலை நகர்

பாலாற்றுப் பாலம், செங்கல்பட்டு, கொளவாய் ஏரி, பரனூர் டோல்கேட், சிங்கப்பெருமாள் கோவில். அரசு பஸ் எங்கள் பஸ்ஸைவிட வேகமாகத்தான் போகிறது. முன்பு தென்மாவட்ட பஸ்கள் இந்த வழியாகக் கோயம்பேடு போகும். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் நிலையம் திறந்ததிலிருந்து அங்கேயே நின்றுவிடுகின்றன.

கேட்டுக்கு எதிரே போய் நின்றேன். பூட்டிய கேட். செக்யூரிட்டி ஒருவர் நாற்காலியில் இருந்தார். யார் என்று கேட்டார். “இங்க வேலை பாத்தேன்” என்றேன். “தெனம் ஒருத்தர் ரெண்டு பேரு வராங்க சார்” என்றார். “நின்னு பாத்துட்டுப் போயிடுவாங்க.” 1999-இல் இங்கிருந்துதான் ஐகான் கார் வெளியே போனது. அப்போது நான் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தேன். அது அச்சிறுபாக்கம் ரோட்டில் போவதைப் பார்த்து என் அப்பா, “நம்ம மாவட்டத்துல செஞ்சது” என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது.

சென்னையின் நெரிசலைக் குறைக்க 1980-இல் உருவாக்கப்பட்ட துணைநகரம் இது. தனித்தமிழ் இயக்கத்தை 1916-இல் தொடங்கிய மறைமலை அடிகளின் பெயர் அதற்கு. அவர் பெயர் கொண்ட ஊரில் நாங்கள் பேசியதோ ஷிஃப்ட், லைன், டார்க், ரீவொர்க், கோளாறு வந்தால் லைனை நிறுத்த இழுக்கிற கயிறுக்கு ஆண்டான். ஆனால் வேலைக்கு வெளியே எங்களுக்கென்று இருந்த சொற்கள் எல்லாம் தமிழ்தான். கூட்டாளி, பங்காளி, மாப்ள, அண்ணே, அக்கா. லைனில் கயிறை இழுத்து நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடும்போது அவைதான் வாயில் வரும்.

ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் மூன்று பேர் காத்திருந்தார்கள். ஒருவர் மகேந்திரா சிட்டியில் வேலை, ஒருவர் கால் டாக்ஸி ஓட்டுகிறார், மூன்றாமவர் சங்க வேலைகளில் முன்னால் நின்றவர். 2022 மே கடைசியில் லைனை நிறுத்திவிட்டு உட்கார்ந்த நாட்களைப் பற்றி, செப்டம்பரில் கணக்கு முடித்துக் கையெழுத்துப் போட்ட நாளைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம். அது இன்றைக்கு எங்களுக்கு முக்கியமாகப் படவில்லை. நான் அக்காவைப் பற்றிச் சொன்னேன். சங்கத்துக்காரர் டீயைக் கீழே வைத்துவிட்டார். எவ்வளவோ கூட்டம் நடத்தியவர், எல்லார் போன் நம்பரும் மனப்பாடமாக வைத்திருந்தவர்.

“அக்கா மட்டும் இல்லப்பா. நம்ம ரூட் டிரைவரு?”

“திருக்கழுக்குன்றம் பக்கம் எங்கியோ.”

“டாய்லெட் கழுவுன தாத்தா? கையுறை கொண்டாந்து தருமே ஒரு பொண்ணு?”

டீக்கடைக்காரரிடம் பேப்பர் வாங்கி எழுத ஆரம்பித்தோம். பெயர் தெரியாதவர்களை அடையாளம் வைத்து எழுதினோம். சிவப்புத் துண்டு போட்ட செக்யூரிட்டி. டயர் கொண்டுவரும் லாரி கிளீனர் பையன். நைட்டில் பாம்பு பிடித்த தோட்டக்காரர். முப்பத்தொன்று வந்தது. நம்பர் இருந்தது நாலு பேருக்குத்தான். டாக்ஸிக்காரர் அந்தப் பேப்பரை போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டார். பஸ் ஏறும்போது பார்த்தேன், இன்னும் ஒன்பது நம்பர் வந்திருந்தது.

அக்காவின் நம்பரை நான் போடவில்லை. குரூப்பில் சேர்த்தால் படாளத்தானுக்குப் போட்ட கண்ணீர் அஞ்சலிப் படம் என்றைக்காவது யாராவது மறுபடி போட்டு அவர் கண்ணில் பட்டுவிடும். அப்படித் தெரியக்கூடாது.

இன்று ராத்திரி கிளாம்பாக்கத்தில் ஓசூர் பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டிருந்தேன். ரத்து செய்துவிட்டேன். ஷிஃப்ட் இன்சார்ஜுக்கு போன் செய்து இன்னொரு நாள் லீவு கேட்டேன். கொடுத்தார்.

ஐந்தாம் நாள்: மறுபடி அச்சிறுபாக்கம்

அக்காவுக்கு மதியம்தான் டூட்டி. ஒன்பது மணிக்குப் போனேன். ஆட்டுக்கு வேப்பிலை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “எதையாச்சும் உட்டுட்டுப் போயிட்டியா தம்பி?” என்றார்.

ஆமாம் என்றேன்.

உட்கார்ந்து சொன்னேன். எந்த வருடம், எப்படி, எங்கே. அன்றைக்கே சொல்லாமல் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனதையும் சொன்னேன். அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த வேப்பங்கொத்திலிருந்து ஒவ்வோர் இலையாகக் கிள்ளிக் கீழே போட்டுக்கொண்டிருந்தார். ஆடு வந்து அதைத் தின்றது. உள்ளே யாரோ ரேடியோவை நிறுத்தினார்கள்.

“மூணு மணி டீக்கு அந்தத் தம்பி தூங்கவே தூங்காது” என்றார் ரொம்ப நேரம் கழித்து. “கெட்டில வாங்கிக்கிட்டு எனக்கே ஒரு டம்ளர் ஊத்திக் குடுக்கும். நீங்க குடிச்சீங்களாக்கான்னு கேக்கும். அத்தன பேர்ல அது ஒண்ணுதான் கேக்கும்.”

எனக்கு அது தெரியாது. ஒன்பது வருடம் எதிரே நின்றவன்.

அதிரசம் என்ன ஆனது என்று கேட்டார். வீட்டில் கொடுத்தேன், படத்துக்கு முன்னால் ஒன்று வைத்தார்கள், பையன் நான்கு தின்றான் என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஆஸ்பத்திரி டூட்டிச் சீட்டு இருந்தது. விரலை வைத்து நாள் நாளாகத் தள்ளிப் பார்த்தார்.

“அடுத்த செவ்வாக்கெழம எனக்கு லீவு. அந்தப் பொண்ணு வீட்டுல இருக்குமா? படாளத்துல எறங்கி எந்தப் பக்கம் நடக்கணும், சொல்லு.”

சீட்டின் பின்பக்கத்தில் வழி வரைந்து கொடுத்தேன். ரயில்வே கேட், சர்க்கரை ஆலை ரோடு, ரேஷன் கடை, அதற்கு எதிர்ச் சந்து, டைலர் கடை போர்டு.